வெளுக்க மறுத்த சிவப்பு

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதல் வாரத்திலேயே யாராவது வந்து சொல்லியிருப்பார்கள்: இயற்கை நிறமெல்லாம் நம் மலேசிய வெயிலுக்கு நிற்காது என்று. என்னிடமும் சொன்னார்கள். படித்தவர்கள் சொன்னார்கள், விற்பவர்கள் சொன்னார்கள், செயற்கைச் சாயத்தை இறக்குமதி செய்கிறவர்கள் இன்னும் அழுத்தமாகச் சொன்னார்கள். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் செய்த அந்தச் சிவப்புப் பொடி இன்னும் மூட்டை மூட்டையாக லாரி ஏறிக்கொண்டிருக்கிறது. ஆகவே, அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். சிரித்துவிட்டு உங்கள் ஈஸ்ட் தொட்டியைப் பாருங்கள். சண்டை போட்டே ஆகவேண்டிய நாள் ஒன்று தனியாக வரும். எனக்கு வந்த அந்த நாளைத்தான் இப்போது சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் செனாவாங்கில் எங்கள் தொழிற்சாலை தொடங்கியது. முதலாளி, சிரம்பானில் தலைமுறையாக வியாபாரம் செய்துவந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. நான் ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களின் மகள். அடம்பிடித்து ரசாயனம் படித்து, அதைவிட அடம்பிடித்து அந்த வேலையில் சேர்ந்தவள். செய்த பொருள் ஒன்றே ஒன்று: சிவப்பு ஈஸ்ட். வெல்லப்பாகில் அதை வளர்த்து, அதன் உடம்புக்குள் இருக்கும் நிறத்தைக் கோழிக்குக் கிடைக்கும்படி செய்து, காயவைத்துப் பொடியாக்கித் தீவன ஆலைக்குக் கொடுப்போம். கோழி தன் உடம்பில் இந்த நிறத்தை உண்டாக்கிக்கொள்ளாது, தின்றால்தான் உண்டு. தீவனத்தில் நிறம் இல்லாவிட்டால் மஞ்சள் கரு வெளிறிப்போகும். பாசார் சந்தையில் அப்படி ஒரு முட்டையை உடைத்துப் பார்த்த பெண், கடைக்காரரைத் திட்டிவிட்டுத்தான் அடுத்த கடைக்குப் போவாள்.

இதில் ஒரு வம்பு இருக்கிறது, அது உங்களுக்கு இன்றும் உண்டு. ஈஸ்டின் தோல் கெட்டியானது. அதை உடைக்காவிட்டால் நிறம் கோழியின் வயிற்றுக்குள் போய் அப்படியே வெளியே வந்துவிடும். உடைத்துவிட்டாலோ காற்றும் வெளிச்சமும் சூடும் சேர்ந்து நிறத்தைத் தின்றுவிடும். எங்கள் முதல் மூட்டைகள் போகும்போது செக்கச்செவேல் என்று போயின. தகரக்கூரைக் கிடங்கில் கொஞ்ச நாள் கிடந்ததும் வைக்கோல் நிறத்தில் திரும்பி வந்தன. திரும்பி வந்த மூட்டையைப் பிரிக்கும்போது எனக்கு வந்த அழுகையை நான் யாருக்கும் காட்டவில்லை. எந்த அளவுக்கு உடைப்பது, எதைச் சேர்த்துப் பாதுகாப்பது, எப்படிக் காற்றுப் புகாமல் கட்டுவது என்பதெல்லாம் இப்போது உங்கள் கையேட்டில் நாலு பக்கம். அந்த நாலு பக்கத்துக்கு எங்களுக்குப் பல வருடம் பிடித்தது. கடைசியில் ஒருநாள் பொடி வெளுக்காமல் நின்றது. நிறம் கொஞ்சம் மங்கல்தான், செங்கல்லைப் போல இருக்கும். ஆனால் நின்றது.

நின்றதுதான் எங்களுக்கு வினையாகப் போயிற்று.

பெடாஸ் பக்கத்தில் இருந்த தீவன ஆலை ஒன்றுதான் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். அங்கே தரம் பார்ப்பவர் ஒரு சீனர். டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள்ளேயே மளிகைக்கடை வைத்திருந்த சீன முதலாளியின், எங்கள் வழக்கில் தவுக்கேயின், மகன். தோட்டத்துப் பிள்ளைகளோடு உருண்டு புரண்டு வளர்ந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. எதையும் லேசில் நம்பமாட்டார். எங்கள் மூட்டை ஒன்றைத் தன் தகரக்கூரைக் கிடங்கில் பூட்டி, சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, வெயில் காலம் முழுக்கப் போட்டு வைத்தார். பிரித்துப் பார்த்தால் பொடி போட்டது போட்டபடி இருந்தது. மனிதருக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம் வந்தது. இயற்கை நிறம் இப்படி நிற்காதே, ஏதோ சாயம் கலந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். அந்த வாரம் எங்களிடமிருந்து புதிதாய் வந்திறங்கிய மூட்டை ஒன்றில் கை நிறைய எடுத்து வெளியே பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்.

முடிவு வந்த அன்று காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"தனம், சாயம் கண்டுபிடிச்சிருக்காங்க. செயற்கைச் சாயம். நம்ம மூட்டையில."

"எந்த மூட்டையில பாஸ்?"

"எந்த மூட்டையா இருந்தா என்னா? சாயம் சாயம்தானே! இயற்கைன்னு சொல்லி ஏமாத்திட்டோம்னு டான் சொல்றாரு. நாளைக்குப் பெடாஸுக்கு வரச் சொல்லியிருக்காரு. அவரு கைவிட்டா இந்த உற்பத்தி லைனையே மூட வேண்டியதுதான்."

உங்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்வேன். தலைக்கு மேல் வெள்ளம் வரும்போது எல்லாரும் என்ன ஆச்சு, யார் செய்தது என்று கத்துவார்கள். நீங்கள் எந்த மூட்டை என்று கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்டது புத்திசாலித்தனத்தால் இல்லை. கோபத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. டானுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பரிசோதனைக்குப் போனது ஆயுத பூஜைக்கு அப்புறம் முதன்முதலாகக் கட்டி அனுப்பிய மூட்டை. வெளுக்காமல் நின்றதே, அந்த மூட்டை இல்லை.

போனை வைத்துவிட்டுச் சல்லடை அறைக்குப் போனேன். பொடி மூட்டைக்குப் போகுமுன் கடைசியாகச் சலிக்கும் இடம் அது. அதிர்ந்து அதிர்ந்து சலிக்கும் அந்தப் புதுச் சல்லடை அந்த வருடம்தான் வந்திருந்தது. ஆயுத பூஜை அன்று எங்கள் ஆட்கள் எல்லா மெஷினையும் கழுவித் துடைத்துச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள். நானும் அங்கே நின்று பொரிகடலை தின்றவள்தான். புது மெஷினுக்கு முதல் பூஜை என்பதால் அதற்குக் கூடுதல் கவனிப்பு. இப்போது அதன் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பொடி விழும் வாயின் விளிம்பில் காய்ந்த சந்தனத் தடம் இருந்தது. அதன்மேல் இருந்திருக்க வேண்டிய பொட்டில் பாதியைக் காணோம். அதிர்வில் உதிர்ந்து பொடியோடு போயிருக்கிறது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து மீதியைத் துடைத்தேன். பஞ்சு ரோஸ் நிறமாயிற்று. கடையில் விற்கும் மலிவுக் குங்குமத்தில் இருப்பது மஞ்சளும் சுண்ணாம்பும் இல்லை, சாயம்.

சல்லடை அறை மாரியாயியின் பொறுப்பு. ரெம்பாவில் அவர்கள் இருந்த தோட்டத்தை விற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்து செனாவாங்குக்கு வந்து, புருஷனின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு ஷிப்டுக்கு வருகிறவள். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்பாள். அவள் கையைப் போல சுத்தமான கையை நான் அந்தத் தொழிற்சாலையில் பார்த்ததில்லை.

"பொட்ட ஏன் வாய்கிட்ட வெச்ச? பக்கவாட்டுல வெக்கக் கூடாதா?"

"மெஷினுக்கு மொகம் எதுங்கா? தின்ற எடந்தானே மொகம்? தோட்டத்துல மரம் வெட்டுற கத்திக்கும் வாய்கிட்டதானே வெப்போம். ஏங்கா, என்னா ஆச்சு?"

சொன்னேன். அவள் கை மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், பூஜைக்கு வாங்கிய குங்குமப் பொட்டலத்தில் மீதி இருக்கிறதா என்று கேட்டேன். சாமி படத்துக்குக் கீழே இருந்தது. எடுத்து வந்து கொடுத்தாள்.

முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"குங்குமம்னு சொன்னா யாரு நம்புவா? சிரிப்பாங்க லா. அதுக்குப் பதிலா வேற சொல்லிறலாம். சல்லடை ரூம் பொம்பள எங்களுக்குத் தெரியாம சாயத்தக் கலந்துட்டா, வேலைய விட்டு நிறுத்திட்டோம், இனிமே நடக்காது. இதச் சொன்னா நம்புவாங்க. நீதான் சூப்பர்வைசர், நீயே சொல்லு."

"அவ கலக்கல பாஸ்."

"எனக்கும் தெரியுது தனம். ஆனா ஒரு ஆள் போனா மத்த ஆளுங்க பொழைப்பாங்க."

"யாரும் பொழைக்க மாட்டாங்க. சாயம் கலந்தோம்னு நம்ம வாயால ஒரு தடவ சொல்லிட்டா, வெளுக்காம நின்னதும் சாயத்தாலதான்னு ஆயிரும். அப்புறம் நம்ம பொடிய இயற்கைன்னு எவன் வாங்குவான்? அவ வேலையும் போகும், இத்தன வருசம் பட்ட பாடும் போகும்."

"அப்ப லைன் போகட்டுங்கிறியா?"

"போனா நானும் சேந்து போறேன். பொய் சொல்லிட்டு இந்த ரூம்ல நிக்க மாட்டேன்."

இப்படிப் பேசிவிட்டு வெளியே வந்ததும் வேலை போய்விடும் என்று பயந்தேன். இதை மறைக்க வேண்டியதில்லை. எதிர்த்துப் பேசுகிறவர்களுக்குப் பயமே இருக்காது என்று யாராவது சொன்னால் அவர்கள் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை என்று அர்த்தம். எனக்கு அன்று பயம் இருந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. எங்கள் பொடி வெளுத்தபோது, இயற்கை என்றால் இப்படித்தான் என்று ஏளனம் செய்தார்கள். வெளுக்காமல் நின்றபோது, இது இயற்கையே இல்லை என்கிறார்கள். நாங்கள் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு குறை தயாராக வைத்திருப்பவர்களிடம் மாரியாயியையும் தூக்கிக் கொடுப்பதா?

மறுநாள் காலை முதலாளியின் காரில் மாரியாயி ஏறுவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நான்தான் வரச் சொன்னேன் என்றேன். பெடாஸ் போய்ச் சேரும்வரை மாரியாயி, நான் திருப்பிக் கொடுத்த குங்குமப் பொட்டலத்தை முந்தானையில் முடிவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

டான் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க ஆளு ஒருத்தவங்க செஞ்ச தப்பு மிஸ்டர் டான்..." என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்தேன்.

"தப்பு நடந்திருக்கு. ஆனா யாரும் சாயம் கலக்கல. மாரியாயி, நீயே சொல்லு."

அவள் சொன்னாள். குரல் முதலில் எழும்பவே இல்லை. முகம், வாய், கத்தி என்று விளக்க ஆரம்பித்ததும் தைரியம் வந்துவிட்டது. பொட்டலத்தை அவிழ்த்து மேசையில் வைத்தாள். டான் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதே பொட்டலம்தான் எங்கப்பா கடையில வித்தாரு. ஆயுத பூஜைன்னா என்னான்னு எனக்கு நீங்க சொல்ல வேணாம் லா. மோட்டாருக்கு, கத்திக்கு, எங்க கடை தராசுக்குக்கூட வெச்சுட்டுப் போவாங்க. ஆனா தனம், பூஜைய நம்புறது வேற, மூட்டைய நம்புறது வேற. மாட்டிக்கிட்ட பின்னாடி எல்லாரும் கதை வெச்சிருப்பாங்க."

"சரி, கதைய விட்டுருங்க. மூட்டையவே நம்புங்க. எது வெளுக்காம நின்னுச்சுன்னு உங்களுக்குச் சந்தேகம் வந்துச்சோ, அந்த மூட்டையப் பரிசோதனைக்கு அனுப்புனீங்களா?"

அவர் கை இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டது.

"அனுப்பல. புதுசா வந்ததத்தான் அனுப்புனீங்க. பழசு உங்க கிடங்குல உங்க பூட்டுக்குள்ள இருக்கு, சாவி உங்க இடுப்புல இருக்கு. எங்க கை அதுல படவே இல்ல. கொண்டாங்க அத."

கேண்டீனிலிருந்து கண்ணாடி டம்ளர்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றினேன். நம் ஈஸ்டின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் இறங்கும். குங்குமத்தில் போடும் சாயம் தண்ணீரைக் கண்டதும் ஓடும். முதல் டம்ளரில் மாரியாயியே ஒரு சிட்டிகைக் குங்குமம் போட்டாள். தண்ணீர் ரோஸ் நிறமாயிற்று. இரண்டாவதில் சாயம் அகப்பட்ட மூட்டையின் பொடி. கலக்கித் தெளியவிட்டதும் மேலே லேசான ரோஸ். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவதில், டான் தன் கையாலேயே பழைய மூட்டையைப் பிரித்து, தன் கரண்டியாலேயே எடுத்துப் போட்டார்.

பொடி அடியில் இறங்குவதற்காக நாங்கள் காத்திருந்தோம். வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தச் சல்லடை வருவதற்கு முன்பே கட்டிய மூட்டை அது என்பது எனக்குத் தெரியும். அதில் சாயம் இருக்க வழியே இல்லை என்பதும் தெரியும். தெரிந்தும், ஒருவேளை ரோஸ் வந்துவிடுமோ என்று குனிந்து பார்த்தபடியே இருந்தேன். வரவில்லை. கழுநீர் மாதிரி கலங்கிய தண்ணீர், அவ்வளவுதான். பிறகு கொண்டுபோயிருந்த நல்லெண்ணெயை வேறொரு டம்ளரில் ஊற்றி அதே பொடியைப் போட்டேன். எண்ணெய் மெல்ல மெல்ல ஆரஞ்சாகிச் சிவந்தது.

டான் அந்த டம்ளரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார். ஒப்புக்கொள்ளவில்லை. "டம்ளர் வேற, லேப் வேற. இதையும் அனுப்புறேன். சாயம் இருந்துச்சுன்னா அப்புறம் என் மூஞ்சில முழிக்காதீங்க" என்றார். அது நியாயமான பேச்சு. என் டம்ளரை மட்டும் பார்த்து அவர் தலையாட்டியிருந்தால் எனக்குத்தான் அவர்மேல் மரியாதை குறைந்திருக்கும்.

பதில் வரும்வரை முதலாளி என்னோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. மாரியாயி தினமும் வந்து, சல்லடையை முன்பைவிட இரண்டு மடங்கு துடைத்தாள். பதில் வந்தது. பழைய மூட்டையில் சாயம் துளிகூட இல்லை, இருந்ததெல்லாம் ஈஸ்டின் நிறம்தான். அன்று போனில் டான் என்னிடம், "அப்ப அது சும்மாவே நிக்குதா?" என்று கேட்டார். "சும்மா நிக்கல மிஸ்டர் டான், நாங்க நிக்க வெச்சோம்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகத்தான் இத்தனை வருடம் வேலை பார்த்தேன் என்று அப்போது தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

லைன் பிழைத்தது, மாரியாயியின் வேலையும் பிழைத்தது. ஆனால் முதலாளி சூடுபட்டவர் ஆயிற்றே. இனிமேல் தொழிற்சாலைக்குள் பூஜையே கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். பொடி இருக்கும் அறையில் குங்குமமும் சந்தனமும் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அதை நானே சுவரில் எழுதி ஒட்டினேன். நீங்களும் அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் பூஜையே கூடாது என்பது வேறு. தோட்டம் போயிற்று, லயம் போயிற்று, கும்பிட்ட கோயிலைக்கூட இடம் மாற்றச் சொன்னார்கள். வேலை செய்யும் கருவியைத் தொட்டுக் கும்பிடுவது ஒன்றுதான் அந்த ஆட்கள் கையோடு கொண்டுவந்தது. அதையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. நான் முதலாளியிடம் அனுமதி கேட்கவில்லை. மெஷின்களைக் கழுவிக் காயவைத்தோம். சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை. மாரியாயி ஒரு கிண்ணத்தில் எங்கள் ஈஸ்ட் பொடியைக் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தாள். குழைக்கக் குழைக்க நிறம் எழுந்து வந்தது. வாசனை என்னவோ ரொட்டிக்கடை வாசனைதான். மோதிர விரலால் தொட்டுச் சல்லடை வாயின் விளிம்பில், அதே பழைய இடத்தில், பெரிய பொட்டாக வைத்தாள்.

"உதுந்தா உதுரட்டுங்கா. மூட்டையில இருக்கறதுதானே மூட்டைக்குப் போவுது" என்றாள்.

பூஜை முடிந்து மெஷினை ஓடவிடும் முன்பே டான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பூஜை நாள் எது என்று அவருக்கா தெரியாது? அதற்காகவேதான் வந்திருக்கிறார். பின்னாலேயே பதறியடித்துக்கொண்டு முதலாளி. டான் நேரே சல்லடை அறைக்குப் போய் மூடியைத் தூக்கினார். பொட்டைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"மறுபடியுமா தனம்?"

ஒரு டம்ளர் தண்ணீரையும் கொஞ்சம் பஞ்சையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் பஞ்சை நனைத்துப் பொட்டை ஒட்டத் துடைத்து எடுத்து, தண்ணீரில் முக்கினார். கலக்கினார். பிழிந்தார். மறுபடி முக்கினார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பஞ்சை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். அப்புறம்தான் சிரிப்பு வந்தது அவருக்கு.

கிளம்பப் போனவரை மாரியாயி வழிமறித்தாள். ஒரு வருடத்துக்கு முன்னால் இவர் எதிரில் நின்று குரல் எழும்பாமல் தவித்தவள், இப்போது கிண்ணத்தை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நல்ல நாளும் அதுவுமா மெஷின் பொட்ட அழிச்சிட்டீங்கல்ல? நீங்களே வெச்சுட்டுப் போங்க தவுக்கே."

டான் முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிளம்புவதற்காக எடுத்த கைப்பெட்டியைக் கீழே வைத்தார். மோதிர விரலைக் கிண்ணத்தில் தோய்த்து, மெஷினின் முகத்தில் பொட்டு வைத்தார்.